ஒன்பது கட்டத்துக்கு ஒரு ஜிடால்

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் ஒரே கவலை, அழுகல் நோய். தண்ணீர் தேங்குகிற இடத்தில் காய் அழுகிக் கொட்டும். "எங்க தேங்கும்னு உன் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுச் சொல்லேன் மாப்ள" என்றார் மாமா. நாசாவின் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு இலவசம், பைத்தான் இலவசம், அன்றைக்கு நானும் இலவசம். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம் மாமா" என்றேன்.

அந்தத் தரவைத் திறக்க ஜிடால் வேண்டும். ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் தொடங்கிய நூலகம். கியூஜிஐஎஸ் போன்ற பெரிய வரைபட மென்பொருள்களே அதை நம்பித்தான் ஓடுகின்றன. பைத்தான் நூலகங்களை நிறுவித் தரும் பிப்பிடம் கேட்டேன். அது மூல நிரலை இறக்கிவிட்டு, சி++ கம்பைலர் எங்கே என்று சிவப்பு எழுத்தில் என்னையே கேட்டது. கம்பைலரைக் கொடுத்தால் ஜிடாலே எங்கே என்று கேட்கும். ஜிடாலைக் கட்ட புராஜ் என்ற இன்னொரு நூலகம் வேண்டும். புராஜுக்கு எஸ்க்யூலைட் வேண்டும்.

"மூல நிரல்ங்கிறது பச்சைக்காய் மாதிரி மாமா. நாமளே ஸ்டோர்ல போட்டு உலர்த்தணும்."

"எதுக்கு? காஞ்ச காயா வாங்கிட்டு வா."

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கிறிஸ்டாஃப் கோல்கே கொடுத்ததும் காய்ந்த காயைத்தான். ஒளிர்வு ஆய்வுக்கூடத்துக்காரர். விண்டோஸில் தவிப்பவர்களுக்காக நூலகங்களைத் தானே கம்பைல் செய்து, வீல் கோப்புகளாக வருடக்கணக்கில் சும்மா கொடுத்தார். 2022-இல் ஆய்வுக்கூடத்துக்கு நிதி நின்றது. அதன் பிறகும் புவியியல் நூலகங்களைக் கிட்ஹப்பில் போட்டார். நம் ஊர்க்காரராக இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்திருப்போம்.

காய்ந்த காயிலும் ரகம் பார்க்க வேண்டும். கோப்பின் பெயரில் சிபி310 என்றிருந்தால் அது பைத்தான் 3.10-க்கு மட்டும். 3.11 வைத்திருப்பவனிடம், இந்தக் கணினிக்கு ஆகாது என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடும். சரியான கோப்பைத் தேடலாமென்றால் மழை, கரண்ட் இல்லை. மொபைல் ரேஞ்ச் வராந்தாவின் வடக்கு மூலையில் மட்டும், அதுவும் நின்றால்தான், உட்கார்ந்தால் போய்விடும்.

ஒருவழியாகப் படம் வந்தது. அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். மாமாவின் இரண்டு ஏக்கர் ஏறக்குறைய ஒன்பது கட்டம். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மிச்சத் தோட்டம் எங்க மாப்ள?"

பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் தேங்குகிற இடத்தில் மண்வெட்டியால் வாய்க்கால் எடுத்தார்.

என்னைப்போல உயரத் தரவை மட்டும் திறக்க வேண்டியவர்கள் ராஸ்டீரியோவை நிறுவுங்கள்; அதன் வீலுக்குள் ஜிடாலும் சேர்ந்தே வருகிறது. முதலில் பைத்தான் பதிப்பைப் பாருங்கள். இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.