தலை ஒட்டாமல் வந்து சேரும் அஞ்சல்தலை இதழ்

பெறுநர்: அஞ்சல் துறை (தலைமையகம் முதல் கிளை அஞ்சலகம் வரை)

பொருள்: அஞ்சல்தலைச் சங்கம் ஒன்றையும் அதன் உறுப்பினர் இதழையும் நடத்தும் முறை – துறையின் தகவலுக்காகச் சமர்ப்பிப்பது தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்த முந்தைய கடிதங்கள். அவை வந்து சேர்ந்தனவா என்ற விவரம் துறைக்குத்தான் தெரியும்.

ஐயா / அம்மையீர்,

அஞ்சல்தலைச் சங்கம் என்பது, கடிதம் எழுதும் எண்ணம் சிறிதும் இல்லாமல் அஞ்சல்தலை வாங்குவோரின் அமைப்பு. ஒருவர் ஐந்து ரூபாய்த் தலை வாங்கிக் கடிதத்தில் ஒட்டினால், 20 கிராம் வரை எடையுள்ள அதை நாட்டின் எந்த மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கத் துறை கடமைப்படுகிறது. பெட்டியைத் திறக்க ஓர் ஆள், பிரிக்க ஓர் ஆள், ரயிலில் ஏற்ற ஓர் ஆள், வெயிலில் சைக்கிள் மிதிக்க ஓர் ஆள். அதே தலையை வாங்கியவர் ஆல்பத்தில் வைத்துவிட்டால் பணம் வந்துவிடுகிறது, வேலை வருவதில்லை. மின் கட்டணத்தைக் கட்டிவிட்டு, விளக்கைப் போடாமல், ரசீதை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்து ரசிக்கும் வாடிக்கையாளர் எந்த மின்வாரியத்துக்கும் வாய்த்ததில்லை. அஞ்சல் துறைக்கு வாய்த்திருக்கிறார்கள். அவர்கள் சங்கமும் வைத்திருக்கிறார்கள். அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதைத் துறை அறிந்துகொள்வது வியாபார ரீதியிலேயே நல்லது.

இவர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்லர். ஒட்டும் அஞ்சல்தலை பிரிட்டனில் 1840 மே 6 அன்று புழக்கத்துக்கு வந்தது. 1869ல் லண்டனில் சங்கம் கண்டுவிட்டார்கள். கல்கத்தாவில் இந்தியச் சங்கம் பிறந்தது 1897ல். அதன் இதழும் அதே ஆண்டில் வந்துவிட்டது. சென்னையில் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கம் 1956 முதல் இருக்கிறது. எங்கே சங்கம் தொடங்கினாலும் கூடவே ஓர் இதழும் பிறந்துவிடுவதற்குக் காரணம் உண்டு. யாருக்கும் கடிதம் எழுதாதவர்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. வீட்டுக்குத் தபாலில் ஏதாவது வர வேண்டுமே!

தமிழ்நாட்டில் சங்கம் பதிவு செய்ய 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஒரு மாவட்டத் தலைநகரில் ஏழு சேகரிப்பாளர்களைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஏழு பேரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. இருவர் ஒரு பழைய ஏலத்தில் முறைத்துக்கொண்டவர்களாக இருப்பார்கள். மூன்றாமவர் மாற்றிக்கொடுத்த தலையில் பின்பக்கம் மெலிந்திருந்ததை நான்காமவர் இன்னும் மறந்திருக்க மாட்டார். எனவே செயலாளரின் மனைவியும் மைத்துனரும் ஸ்தாபக உறுப்பினர் ஆகிறார்கள். தலைவர் பதவி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருக்குப் போகும். செயலாளர், பொருளாளர், இதழாசிரியர் என்ற மூன்று பதவிகளும் தேர்தல் முறைப்படி மூன்று பேரிடம் ஒப்படைக்கப்பட்டு, ஆறு மாதத்தில் ஒருவரிடமே வந்து சேர்கின்றன.

சங்கத்தின் நிதி ஆயுள் உறுப்பினர்கள் மேல் நிற்கிறது. அவர்களால்தான் தள்ளாடவும் செய்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால், கண்காட்சிக்கு ஃபிரேம் வாங்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒரே தவணையில் ஆயுள் சந்தா வாங்கினார்கள். அந்தத் தொகை வங்கியில் கிடக்கும், வட்டியில் இதழ் அச்சாகும் என்பது அன்றைய திட்டம். பிறகு வட்டி இறங்கியது, அச்சுக்கூலி ஏறியது, உறுப்பினர்கள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள். இடுக்கி பிடிப்பதும், தலையின் ஓரத்துப் பல் எண்ணுவதும், ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய கவரை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டுத் தலை தானாகக் கழன்று வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பதும் இரத்த அழுத்தத்துக்கு உகந்தவை போலும். அவர்கள் நீடூழி வாழ வேண்டும் என்று தலைவர் ஒவ்வொரு ஆண்டும் வாழ்த்துவார். பொருளாளரும் கை தட்டுவார், சற்றுத் தாமதமாக.

உறுப்பினர் ஒருவர் காலமானால் செயலாளர் துக்கம் கேட்கப் போவது மரபு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டார் அலமாரியைத் திறந்து, "இந்த ஸ்டாம்ப்புக்கெல்லாம் என்ன விலை வரும் சார்?" என்று கேட்பார்கள். முதல் ஆல்பத்தைப் புரட்டும்போதே செயலாளருக்கு விடை தெரிந்துவிடும். 1980களுக்குப் பிறகு வந்த நினைவுத் தலைகளைத் தாள் தாளாக வாங்கி அடுக்கியிருந்தால், முகமதிப்புக்குக்கூட வாங்க ஆள் கிடைப்பது அரிது. இதைத் துக்க வீட்டில் சொல்லும் கலைக்குப் பயிற்சிப் புத்தகம் எதுவும் வந்ததில்லை.

மாதக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏதாவதொரு பள்ளி வகுப்பறையில் நடக்கும். பெஞ்சுகள் ஆறாம் வகுப்பு அளவில் இருக்கும். இரட்டைகளை மாற்றிக்கொள்வார்கள், சிறு ஏலம் நடக்கும், டீ வரும். டீயை ஆல்பத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒருமித்த கருத்துடையவர்கள். இளையோர் பிரிவு 2017 முதல் கொஞ்சம் உயிர்பெற்றிருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் மாணவருக்கு ஆண்டுக்கு ₹6,000 தரும் தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகையைத் துறை அந்த ஆண்டில் அறிவித்தது. வினாடி வினாவும் ஒரு புராஜெக்ட்டும் உண்டு. விண்ணப்பக் காலத்தில் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகள் எண்ணிக்கை திடீரென்று பெருகுவதும், புராஜெக்ட்டைப் பற்றிய சந்தேகங்களை அம்மாக்கள் மட்டுமே கேட்பதும் சேகரிப்புக் கலை வளர்வதற்கான அடையாளங்கள்.

இனி இதழ். பதினாறு பக்கம், நடுவில் இரண்டு பின். முதல் பக்கத்தில் தலைவர் உரை; அதைத் தலைவர் அச்சில்தான் முதன்முறையாகப் படிப்பார். பிறகு புதிய வெளியீடுகளின் பட்டியல். அதற்கடுத்து ஆய்வுக் கட்டுரை. இந்தியாவில் வெளிவரும் எந்தச் சங்க இதழும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்று கட்டுரைகளைத் திரும்ப வெளியிட்டே தீர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. முதலாவது, 1852ல் சிந்துவில் பார்ட்டில் ஃபிரியர் வெளியிட்ட சிந்து டாக்: சிவப்பு அரக்கில் செய்தது, கை பட்டாலே உடைந்ததால் கைவிடப்பட்டது. இரண்டாவது, 1854ன் நான்கணாத் தலை: இரண்டு நிறத்துக்காகத் தாளை இரண்டு முறை அச்சில் ஏற்றியபோது சில தாள்கள் திரும்பிப்போய், விக்டோரியா மகாராணி தலைகீழாக விழுந்தார். மூன்றாவது, 1948 ஆகஸ்ட் 15ல் வந்த காந்தி பத்து ரூபாய்: சுதேசிக்காக வாழ்ந்தவரின் தலை சுவிட்சர்லாந்தில் அச்சானது. கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக நூறு தலைகளில் 'சர்வீஸ்' என்று மேலச்சு போட்டார்கள். அந்த வகையில் நான்கு தலைகள் கொண்ட ஒரு துண்டு 2017ல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. இந்தத் தொகையைப் படித்ததும் உறுப்பினர்கள் தங்கள் ஆல்பத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள். நூறில் ஒன்று தவறிப்போய் மாயவரத்துக்கு வந்திருக்காதா என்ற நப்பாசைதான்.

இங்கே ஒரு நுட்பம் துறையின் கவனத்துக்குரியது. அச்சகத்தில் நேரும் பிழை தலையின் விலையைக் கூட்டுகிறது. நிறம் விட்டுப்போனால், பல் நகர்ந்தால், மகாராணி தலைகீழானால், கொண்டாட்டம். அஞ்சலகத்தில் நேரும் பிழை அதே தலையின் விலையைப் பூஜ்யமாக்குகிறது. எனவே பிழை செய்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், அவை அனைத்தையும் நாசிக் அச்சகத்திலேயே முடித்துக்கொள்வது எல்லோருக்கும் லாபம்.

இதழை எழுதுவதும் அச்சிடுவதும் எளிய பகுதி. அனுப்புவதுதான் கதை. சலுகைக் கட்டணத்தில் அனுப்ப அது 'பதிவுபெற்ற செய்தித்தாள்' ஆக வேண்டும். 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கு வரையறை தந்தது: 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வெளிவர வேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும், அரசியலோ பிற செய்திகளோ நடப்பு விஷயங்களோ பெரும்பகுதியாக இருக்க வேண்டும். 1854ல் தலைகீழான மகாராணி நடப்பு விஷயமா என்பது விவாதத்துக்குரியது. அதைவிடச் சிக்கல், சங்க இதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஐந்து மாதமும் ஆகும். 2024 ஜூன் 18ல் அந்தச் சட்டம் போய்ப் புதிய அஞ்சலகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனால் காலாண்டிதழ் மாத இதழாகிவிடவில்லை. பதிவுபெற்ற செய்தித்தாளுக்கு 50 கிராம் வரை நெடுங்காலமாக இருந்துவந்த கட்டணம் 25 பைசா. 25 பைசா நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனது. செல்லாத காசில் சொல்லப்பட்ட, கிடைக்காத சலுகை என்பதால் சங்கத்துக்கு இதில் நஷ்டம் ஏதுமில்லை.

மற்ற வழிகளும் ஆராயப்பட்டன. பதிவு புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' வந்தது. 300 கிராம் வரை ₹20. ஆனால் விளம்பரம் உள்ள வெளியீடுகளுக்கு அதில் இடமில்லை. சங்க இதழின் பின்னட்டையில் அஞ்சல்தலை வியாபாரி ஒருவர் விளம்பரம் தருகிறார். அந்தப் பணத்தில்தான் முன்னட்டை அச்சாகிறது. ஞானம் வேண்டுமானால் பின்னட்டையைத் துறக்க வேண்டும். அட்டையில்லாத ஞானத்தை உறுப்பினர்கள் ஏற்பார்களா என்று செயற்குழு இன்னும் விவாதித்து வருகிறது.

ஆகவே இதழ் சாதாரணக் கடிதமாகப் போகிறது. உறையோடு 60 கிராம், 20 கிராமுக்கு ₹5 வீதம் ₹15. உண்மையில் உறுப்பினர் காத்திருப்பது இந்த உறைக்காகத்தான். உள்ளே இருப்பதைப் பிறகு படித்துக்கொள்ளலாம், படிக்காமலும் விடலாம். ஆசிரியர் இதற்காக மூன்று ஐந்து ரூபாய் நினைவுத் தலைகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். கவுன்ட்டர் ஓரத்துப் பசைக் கிண்ணத்தில் பசை பாறையாகியிருக்கும், குச்சி அதில் நட்ட நிலையில் நிற்கும் என்பதால் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார். உறுப்பினர் வேண்டுவதெல்லாம் தலையின் மூலையில் கால்வட்டம் விழும் ஒரு முத்திரை: ஊர்ப்பெயரும் தேதியும் படிக்கும்படி, படத்திலுள்ளவரின் மூக்கு தெரியும்படி. கிடைப்பது மூன்று வகை. ஒன்று, மை ததும்பிய கரும்புள்ளி. எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று சொல்ல முடியாது. இரண்டு, முத்திரையே இல்லாத தலை. நேர்மையான சேகரிப்பாளருக்கு இது தர்மசங்கடம். மூன்று, பால்பாயின்ட் பேனாவில் குறுக்கே இழுத்த கோடு. தேசத் தலைவர்கள், புலிகள், மல்லிகை மணக்கும் தலைகள் என்று எதையும் விட்டுவைக்காமல் அந்தக் கோடு சமதர்மத்தோடு ஓடுகிறது.

கோட்டுக்குப் பயந்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். 2025ல் பதிவுத் தபாலும் அதோடு இணைந்துவிட்டது. இதழ் பத்திரமாகச் சேரும், எங்கே இருக்கிறது என்று செல்போனில் பார்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அதற்குக் கவுன்ட்டரில் பணம் கட்டி, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி வாங்குவதே வழக்கம். ஒட்டிய தலைகளைக் கூட்டிப் பார்க்கக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு நேரமில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. ஆக, சங்கத்தின் முன் உள்ள வழி இரண்டு. தலை ஒட்டிய இதழ் போய்ச் சேர்வது நிச்சயமில்லை. போய்ச் சேர்வது நிச்சயமான இதழில் தலை இருப்பதில்லை. அஞ்சல்தலைக்காகவே நடக்கும் இதழ் பார்கோடு ஒட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது உறுப்பினர் முகத்தில் தோன்றும் உணர்ச்சிக்கு எந்த நினைவுத் தலையும் இதுவரை வெளியிடப்படவில்லை.

சேராத பிரதிகளுக்குத் துறை பொறுப்பேற்பதில்லை, ஆசிரியர் ஏற்கிறார். சில பிரதிகள் அடுக்குமாடி வாட்ச்மேன் மேஜையில் கறிவேப்பிலைக்காரர் கணக்குக்குக் கீழே கிடந்து இரண்டு மாதம் கழித்து மேலே ஏறும். சில பிரதிகள் கேட்டில் செருகப்பட்டு மழையில் நனையும்; அவற்றிலிருந்து தலைகள் மட்டும் கச்சிதமாகக் கழன்று விழுந்திருக்கும். வீட்டில் ஊறவைத்தால் அரைமணி ஆகும் வேலை இது.

சங்கத்தின் கோரிக்கைகள் சிறியவை. முத்திரையில் மை அளவாக இருக்கலாம். பேனா ரசீது எழுதுவதோடு நிற்கலாம். காலாண்டிதழ் நடத்துவோரும் செய்தி தருகிறார்கள், நிதானமாகத் தருகிறார்கள் என்று கட்டண விதியில் ஒரு வரி சேர்க்கலாம். புதிதாக வெளியாகும் தலைகளை மாவட்டத் தலைமை அஞ்சலகத்தில் கேட்டால், 'அதெல்லாம் சென்னையில்தான்' என்ற விடை வராமல் இருக்கலாம். மற்றபடி உறுப்பினர்கள் வழக்கம்போல் தலைகளை வாங்கி, எதையும் அனுப்பாமல் வைத்துக்கொள்வார்கள். செயற்குழுவின் படத்தோடு 'மை ஸ்டாம்ப்' தாள் ஒன்றும் வாங்கியிருக்கிறார்கள்: ₹60 முகமதிப்புக்கு ₹300 கொடுத்து. அதிலும் ஒன்றைக்கூட ஒட்ட மனம் வரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர் (பொருளாளர், இதழாசிரியர் – கூடுதல் பொறுப்பு)

இணைப்பு:
இதழின் அண்மை எண் – 1 பிரதி.
பதிலுக்காகச் சுயவிலாசமிட்ட உறை – 1. ஐந்து ரூபாய் நினைவுத் தலை ஒட்டப்பட்டுள்ளது. முத்திரை விழ வேண்டிய இடம் பென்சிலால் வட்டமிடப்பட்டுள்ளது.