செவ்வாய்க்கிழமை முருகன்

எங்கள் ஆபீசில் ஒருத்தர் இருக்கிறார். காலையில் முதல் ஆளாக வந்துவிடுவார். வேலை தொடங்க மட்டும் பதினோரு மணியாகும். நடுவில் என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். உங்கள் ஆபீசிலும் ஒருத்தர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். டெஸ்க்டாப் படத்தை மாற்றுகிறார்.

பெங்களூரு அடுகோடியில், பாஷ் என்று பெயர் மாறி வருஷங்கள் ஆகியும் பழைய ஆட்கள் மைக்கோ என்றே சொல்லும் கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸ். அவர் திரையில் திங்கள் அண்ணாமலையார், வியாழன் ராகவேந்திரர், வெள்ளி மகாலட்சுமி. ஐபிஎல் வந்தால் சாமிகளுக்கு லீவு. ஆர்சிபி ரசிகர்களின் 'ஈ சல கப் நம்தே' (இந்த வருஷம் கப் நமதே) கோஷம் ஏறிவிடும். 2025 ஜூனில் ஆர்சிபி நிஜமாகவே ஜெயித்துத் தொலைக்க, அதை 'நம்து' என்று திருத்துவதில் ஒரு மத்தியானம் போயிற்று.

செவ்வாய்க்கிழமைதான் பெரும்பாடு. வாட்ஸப்பில் வந்த முருகன் நெட்டைப் படம். 'ஃபிட்' கொடுத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். சாமிக்குப் பக்கத்தில் கறுப்பு ஆகாது. 'ஃபில்' கொடுத்தால் கிரீடமும் மயிலும் வெட்டுப்படும். 'ஸ்ட்ரெச்' கொடுத்தால் முருகன் அகலமாகிப் பிள்ளையாராகிவிடுகிறார். ஒரு தரம் கை தவறி 'டைல்' விழுந்து, திரை முழுக்க வரிசை வரிசையாக முருகன் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டு அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டார்.

படம் உட்கார்ந்த பிறகு ஐகான்கள். சாமி முகத்தில் எக்செல் இருக்கலாமா? வேல் நுனியில் டேலி தொங்கலாமா? ஒவ்வொன்றாக மவுஸால் பிடித்து ஓரம் கட்டுவார். ரீசைக்கிள் பின் இருப்பதோ மயில் தலைக்கு நேரே. காலடிக்குக் கொண்டுபோனால் பாவம். வலது மேல் மூலை ஈசானியம். அங்கே குப்பை வைத்தால் ஆபீஸ் உருப்படாது. கடைசியில் வலது கீழ் மூலைக்குத் தள்ளினார். "அக்னி மூலை சார். போட்டது எரிஞ்சுபோகும்." மானிட்டர் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பது அவர் வாஸ்துவில் சேர்த்தி இல்லை.

விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மலைப் படம் ஊட்டி என்பது அவர் தீர்மானம். அது கலிபோர்னியாவின் சொனோமா பக்கம், 1996 ஜனவரியில் சார்லஸ் ஓரியர் பிலிம் கேமராவில் எடுத்தது என்று சொல்லிப் பார்த்தேன். "கேத்தி பக்கம் போயிருக்கீங்களா?" என்று கேட்டார். போனதில்லை. வாதம் முடிந்தது.

கெட்ட மனுஷர் இல்லை. புதிதாகச் சேர்ந்த கிருஷ்ணகிரிப் பெண் முதல் வாரம் முழுக்க டிபன் பாக்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஒரு நாள் காலை அவள் கம்ப்யூட்டரைப் போட்டால், திரையில் கே.ஆர்.பி. அணை, ஷட்டர் திறந்து தண்ணீர் பாய்கிறது. "உங்க ஊரும்மா" என்றார். அன்றைக்கு டப்பா காலியானது. படமும் இழுபடாமல், வெட்டுப்படாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அது எப்படி என்று செவ்வாய்க்கிழமைகளில் அவருக்கு மறந்துவிடுகிறது.

ஆனால் 20-ஆம் தேதி என்று ஒன்று இருக்கிறதே. ஜிஎஸ்டிஆர்-3பி போடக் கடைசி நாள். அது செவ்வாயில் விழுந்தால் செத்தோம். 'பைனல்', 'புது பைனல்' என்ற கோப்புகளெல்லாம் முருகனுக்கு வழிவிட்டு எந்த போல்டருக்குள் போயின என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் தள்ளினால் 50 ரூபாய் லேட் பீஸ், அதற்கு மேல் வட்டி. கட்டுவது பார்ட்டி, திட்டு வாங்குவது நான். இவர் அடுத்த நாள் படத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

சார், ஒரே ஒரு வேண்டுகோள். முருகனை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள். அந்த எக்செல் கோப்பை மட்டும் இருந்த இடத்திலேயே விடுங்கள். முருகன் முகத்தின் மேலேயே இருந்தாலும் அவர் நாளுக்கு 50 ரூபாய் கேட்க மாட்டார்.