ஐந்தொகைப் பெரியையா

ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரையில் பரந்து கிடக்கும் யாழ்ப்பாணத்துத் தீவுகளில், எந்த ஊரில் இறங்கி எந்த ஒழுங்கையில் நடந்தாலும், கடல் கடந்து மேற்படிப்புக்குப் போக எண்ணங்கொண்ட பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்கள் பரிசீலிப்பதற்கு முன்பாகவே பரிசீலித்து, அநுமதியோ மறுப்போ வழங்கும் அதிகாரி ஒருவர் தமது விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் வீற்றிருப்பதைக் காணலாம். அவருக்கு நியமனக் கடிதம் இல்லை, சம்பளம் இல்லை, ஆகையால் ஓய்வுபெறும் வயதும் இல்லை. ஊரார் அவரைப் பெரியையா என்பர். எந்த வழியில் பெரியையா என்று விசாரிப்பது வீண் பிரயாசை. தீவுகளில் நாலு தலைமுறை பின்னே போனால் எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு முறையில் உரித்துக்காரரே.

தீவுப்பகுதியார் கொழும்பிலும் மலைநாட்டிலும் கடை நடத்திப் பேர்பெற்றிருந்த காலத்திலே, பெரியையா புறக்கோட்டையில் ஒரு கடையின் கல்லாவில் இருந்து இலாப நட்டம் கற்றவர். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. 1990 இல் தீவு ஜனங்கள் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தபோது வீடும் கைவிட்டுப் போயிற்று. அவரிடம் எஞ்சியவை, படித்துப் பட்டம் பெற்று வெளிநாடுகளில் நிலைத்துவிட்ட பிள்ளைகளும், கணக்கெழுதிப் பழகிய வலக்கையுமே. தீயும் அரசாங்கமும் தீண்ட முடியாத சொத்து கல்வி ஒன்றுதான் என்பதை அநுபவத்தால் கண்டவராகையால், கல்வியை அவர் மெய்யாகவே வணங்குகிறார். ஆனால் கணக்கெழுதாமல் வணங்குவதில்லை.

மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற சொற்களோடு படலையைத் திறக்கும் பிள்ளைக்குப் பெரியையா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுக்கும் சிரமத்தைக்கூட மேற்கொள்வதில்லை. "ஓம், போ" என்ற இரண்டு சொற்களில் விவகாரம் தீர்ந்துவிடும். நுண்கலை என்ற சொல் காதில் விழும்போதுதான் கண்ணாடி மூக்கில் ஏறும். நீல மட்டைக் கொப்பி விரியும். பென்சில் காதிலிருந்து இறங்கும். உள்ளே நின்ற பெரியம்மா, இது ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு முடியும் வழக்கல்ல என்பதை உணர்ந்து கேத்திலை மறுபடியும் அடுப்பில் ஏற்றுவார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்திரமும் வடிவமைப்பும் பயின்று நுண்கலைமாணிப் பட்டம் பெற்ற ஒரு பெண்பிள்ளை, முதுமாணிப் படிப்புக்கு எங்கே போவது என்ற யோசனையோடு வந்து திண்ணையில் அமர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்வி மந்திரி கன்னங்கராவின் காலத்தில், 1945 இல், நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் புண்ணியத்தால் அவளுடைய முதற் பட்டத்துக்குக் கட்டணம் என்று ஒரு சதமும் செலவாகவில்லை. அந்தப் புண்ணியம் முதற் பட்டத்தோடு முடிகிறது. அதற்கப்பால் உள்ள பிரதேசம் முழுவதும் பெரியையாவின் ஆட்சிக்குட்பட்டது.

அவர் முதலாவதாகக் கேட்கும் கேள்வி, எந்த ஓவியரிடம் படிக்கப் போகிறாய் என்பதன்று. எந்த நகரம் என்பதுமன்று.

"மோனை, உந்தப் படிப்பு ஈடோ, ஒற்றியோ, நன்கொடையோ?"

பிள்ளை திகைப்பாள். பெரியையா சாவகாசமாக விளக்குவார். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தேசவழமைச் சட்டத்தைத் தொகுப்பித்த காலத்துக்கும் முன்பிருந்தே யாழ்ப்பாணத்தார் காணி விவகாரத்தில் கையாண்டுவரும் ஏற்பாடுகளைக் கொண்டு, உலகத்துப் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் அவர் மூன்றாக வகுத்து வைத்திருக்கிறார். காணி நம் கையில் இருக்க, வட்டி மட்டும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பது ஈடு. கடன்பட்டுப் படிக்கும் படிப்பெல்லாம் இந்த இனம். வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவரே காணியின் பயனை அநுபவிப்பது ஒற்றி. கட்டணத்தைத் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக மாணவரிடம் கற்பித்தல் வேலை வாங்கிக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இந்த வகை. உறுதி முடித்துச் சும்மா கொடுப்பது நன்கொடை. முழுப் புலமைப்பரிசில் என்று பத்திரிகைகளில் வருவது இதுவே. நாலாவது வகை ஒன்று கிடையாது என்பது அவருடைய சித்தாந்தம்.

பிள்ளை முதலில் லண்டனை எடுத்து வைக்கிறாள். ஒரே வருஷத்துப் படிப்பு; வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் முப்பதினாயிரம் பவுண் அளவில் வரும். பெரியையா பவுணை 400 ரூபாயாகப் பிடித்துப் பெருக்குகிறார். ஒரு கோடி இருபது இலட்சம். அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, நூற்றுக்கு ஒரு வட்டி என்ற மிகத் தருமமான வீதத்தில் வைத்தாலும் மாதம் ஓர் இலட்சத்து இருபதினாயிரம் வட்டி மட்டுமே வரும் என்றும், சித்திர ஆசிரியை நியமனம் கிடைத்து, சம்பளம் முழுவதையும் உறை பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தாலும் அது வட்டிக்கே காணாது என்றும், முதல் அப்படியே மூப்பில்லாமல் இருக்கும் என்றும் சாந்தமான குரலில் அறிவிக்கிறார். வீட்டு வாடகையும் சாப்பாடும் இன்னும் கொப்பிக்குள் வரவில்லை.

"அதோடை, விசாவுக்குக் காட்டுற காசு 28 நாள் அசையாமல் பாங்கிலை கிடக்கவேணும். அந்த 28 நாளும் உங்கட வீட்டிலை ஒருத்தருக்கும் வருத்தம் வரப்படாது. சொந்தத்துக்குள்ளை கலியாணம் வரப்படாது. செத்தவீடு வரவே படாது. உனக்கு அது உறுதியோ?"

இத்தனைக்கும் மேலாக, 2022 ஆம் ஆண்டின் பாடம் ஒன்று அவரிடம் உண்டு. அவ்வருஷத்தின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டது. வெளிநாட்டில் பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகளின் வீடுகளில், படிப்பு நீளாமலே கட்டணம் மட்டும் நீண்டது. "வருமானம் ஒரு காசிலை, கடன் இன்னொரு காசிலை எண்டால் படுத்தாலும் நித்திரை வராது" என்பது அவ்வாண்டில் அவர் இயற்றிய சூத்திரம். பொருளாதாரப் பேராசிரியர்கள் இதையே நாற்பது பக்கங்களில் எழுதுகிறார்கள்.

லண்டனுக்குச் செவ்னிங் என்ற பெயரில் பிரித்தானிய அரசாங்கம் வழங்கும் புலமைப்பரிசில் ஒன்று இருக்கிறதென்றும், கட்டணமும் ஜீவனத்துக்கான பணமும் அவர்களே தருகிறார்களென்றும் பிள்ளை ஈனசுரத்தில் சொல்லிப் பார்க்கிறாள். பெரியையாவின் முகம் மலர்கிறது. ஆனால் இரண்டு வருஷ வேலை அநுபவம் வேண்டும் என்றதும் மலர்ச்சி பாதியாகிறது. படிப்பு முடிந்தபின் தாய்நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷமாவது இருக்கவேண்டும் என்றதும் முற்றாக மறைகிறது. தீவிலிருந்து லண்டனுக்குப் போய்த் திரும்பி வருவது என்பது, அவருடைய அகராதியில், விருத்தியைக் குறிக்கும் சொல்லன்று. "சீவிய உரித்து வைச்சு எழுதின நன்கொடை" என்று முணுமுணுத்துக்கொண்டே அதைத் தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறார்.

ஜெர்மனியில் அரசாங்கக் கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் கட்டணமே இல்லை என்று பிள்ளை அறிவித்ததும், நாற்பது வருஷமாக எந்த வியாபாரியும் சும்மா கொடுத்ததைக் கண்டிராத பெரியையா, எங்கே கொக்கி என்று தேடுகிறார். கொக்கி கிடைக்கிறது: விசாவுக்காக 11,904 யூரோவை ஒரு முடக்கிய கணக்கில் இட்டு, மாதம் 992 யூரோவாக எடுத்துச் செலவழிக்க வேண்டும். இலங்கைக் காசில் நாற்பது இலட்சத்துக்கு மேல். சொந்தப் பணத்தையே மாதாமாதம் கையேந்தி வாங்கும் இந்த ஏற்பாடு, எதிர்பார்த்ததற்கு மாறாக, அவருக்கு மிகவும் பிடித்துப்போகிறது. தமது பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு முன்னமே இருந்திருந்தால் எத்தனையோ கைத்தொலைபேசிகள் வாங்கப்படாமல் இருந்திருக்கும் என்கிறார். ஜெர்மன் பாஷை படிக்க எத்தனை காலம் என்று கேட்டறிந்த பிறகு, பென்சில் மறுபடியும் காதுக்குப் போகிறது.

அமெரிக்கா வருகிறது. இரண்டு மூன்று வருஷப் படிப்பு. சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை முற்றாகத் தள்ளி, இளமாணி மாணவருக்கு வரைதல் வகுப்பு எடுப்பதற்காக உதவித்தொகையும் தருகின்றன. "சுத்தமான ஒற்றி" என்று அவர் மகிழ்கிறார். ஆயினும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் தனித்தனியே டொலரில் கட்டவேண்டும் என்பது, கடைக்குள் நுழைந்து விலை விசாரிப்பதற்கே காசு கேட்பதாக அவருக்குப் படுகிறது. அவரைச் சமாதானப்படுத்த எண்ணிய பிள்ளை, யேல் பல்கலைக்கழகத்து நாடகப் பள்ளிக்கு டேவிட் கெஃபன் என்ற சினிமா, இசைத்தட்டு வியாபாரி 2021 இல் 15 கோடி டொலர் கொடுத்ததனால், அங்கே எல்லா மாணவருக்கும் கட்டணமே இல்லாமற் போன விருத்தாந்தத்தை எடுத்துரைக்கிறாள்.

பெரியையா நிமிர்ந்து உட்கார்கிறார். "கூத்துப் படிக்கிற பிள்ளையளுக்கோ? 15 கோடி டொலரோ? பேர் போட்டவையோ?"

"ஓம் பெரியையா, பள்ளிக்கூடத்துக்கே அவற்றை பேர்தான்."

"அப்ப சரி" என்கிறார் பெரியையா. உலகம் ஓர் ஒழுங்கில்தான் நடக்கிறது என்ற திருப்தி அவர் முகத்தில் தோன்றுகிறது.

கடைசியாக, சற்றே தயக்கத்துடன், பிள்ளை பரோடாவைச் சொல்கிறாள். அங்கே மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடம் 1950 முதல் நடைபெற்றுவருகிறது, ஓவியர் கே. ஜி. சுப்ரமணியன் கற்பித்த இடம். குலாம் முகம்மது ஷேக் படித்ததும் கற்பித்ததும் அங்கேயே. மௌலானா ஆசாத் 1950 இல் தாபித்த இந்தியக் கலாசார உறவுகள் கழகத்தின் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம், ஜீவனப் பணம், இருப்பிடம், புத்தகம் எல்லாம் அதற்குள் அடங்கும். விசாரிப்பதற்குக் கொழும்புக்கும் ஓடவேண்டாம். இந்தியத் துணைத்தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பெரியையா ஒவ்வொரு வரியையும் எழுதுகிறார். பற்றுப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. தமது ஆயுளில் இப்படி ஓர் ஐந்தொகையை எழுதியதில்லை என்பது பென்சில் நடுங்குவதிலிருந்து தெரிகிறது.

அப்போது பிள்ளை அறியாமலே ஒரு பிரமாஸ்திரத்தை எய்துவிடுகிறாள். பரோடாவின் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவரான பூபேன் கக்கர், பம்பாயில் கணக்காளராகத் தேர்ந்து, 1962 இல் பரோடாவுக்கு வந்தவர். அரைநேரம் கணக்கெழுதிச் சம்பாதித்துக்கொண்டே படம் தீட்டியவர். 2016 இல் லண்டன் டேட் மொடேர்ன் அரங்கிலேயே அவருடைய ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார்கள்.

"கணக்கும் எழுதிப் படமும் கீறினவரோ!" என்று பெரியையா கூவிய சத்தத்தில் பெரியம்மா கேத்திலோடு வெளியே வந்துவிடுகிறார். ஓவியக்கலையின் மீது பெரியையாவுக்கு இருந்த ஐயங்கள் அனைத்தும் அந்த நிமிஷத்தில் நீங்குகின்றன. தீர்ப்பு உடனே வழங்கப்படுகிறது. அதற்கு மேற்கோளும் தீவுப்பகுதிக் கரம்பொன்னிலிருந்தே வருகிறது. 1913 இல் அவ்வூரிலே பிறந்த தனிநாயகம் அடிகளார், உரோமாபுரியில் சமயக் கல்வி முடித்த பின்பும், தமிழ் படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தவர்; லண்டன் கலாநிதிப் பட்டம் அதற்குப் பிறகுதான். "உரோமாபுரி பார்த்தவரே அண்ணாமலைக்கு வந்தவர். உனக்குப் பரோடா காணும். நல்லாய்க் கீறினியெண்டால் லண்டன் பிறகு தன்ரை காசிலை கூப்பிடும்."

படித்த இளைஞர் பெரியையாவைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். கலையை இலாப நட்டத்தால் அளக்கிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. எனக்கோ அதில் சிரிப்பதற்குரிய இடம் வேறாகவே தோன்றுகிறது. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் மகோற்சவம் தொடங்கினால், இதே பெரியையா குறிகட்டுவான் துறையில் முதல் லோஞ்சுக்குக் காத்து நிற்பார். திருவிழாவுக்கு எந்த ஊர்த் தவில், எந்த ஊர் நாதஸ்வரம் என்று விசாரித்து, சிறந்ததையே அழைக்கவேண்டும் என்று வாதாடுவார். தமது ஊர்க் கோயிற் கோபுரத்தின் பதுமைகளுக்கு வர்ணம் தீட்டும் திருப்பணிக்கு இலட்சக்கணக்கில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகைக்கு எத்தனை வீத வட்டி வந்திருக்கும் என்று அந்த நீலக் கொப்பியில் ஒருபோதும் எழுதமாட்டார். வர்ணத்துக்குக் கொடுக்கும் அந்தக் கை, வர்ணம் தீட்டக் கற்பதற்குக் கொடுப்பதில்லை. கோபுரத்தில் ஏறி நிற்கும் கலைஞன் எங்கிருந்தோ படித்துவிட்டு வந்தவனாயிருந்தால் போதும், அவனைப் படிப்பித்த செலவு பிறிதோர் ஊரின் கணக்கில் இருக்கட்டும் என்பதே ஏற்பாடு.

இந்தக் குணம் அவருக்கு மட்டும் உரியதன்று. கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் பல, வருஷந்தோறும் கலைமாலை ஒன்று நடத்தி, பரதமும் பாட்டும் நாடகமும் மேடையேற்றி, அதில் மிஞ்சும் பணத்தை ஊருக்கு அனுப்பி, மருத்துவமும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்குகின்றன. நல்ல காரியந்தான், ஆடியவர்களும் பாடியவர்களும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் ஆட்டமும் பாட்டும் சித்திரமும் படிப்பவர்க்குப் பங்கில்லை என்பது மட்டுமே அதில் உள்ள விந்தை.

ஆகவே, கலை படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: பெரியையாவைப் பார்த்துச் சிரியுங்கள், ஆனால் அவரைக் காணாமல் எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள், நன்கொடை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஒற்றியானால் தவணையை வாசித்துப் பாருங்கள், ஈடானால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சங்கத்துச் செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த கலைமாலையின் மிச்சத்தில், தீவுப்பகுதியிலிருந்து சித்திரமோ சங்கீதமோ நடனமோ மேற்படிப்புக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு வருஷம் ஓர் உபயம் எழுதுங்கள். உபயகாரர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பெரியையாவின் சம்மதம் முன்னரே உண்டு.