மலையகத்தில் பாடி அளவு: ஓர் ஆய்வு முன்னோட்டம்

மலையகத் தோட்டங்களில் அளக்காமல் விட்ட பொருள் ஒன்றுமில்லை என்றே ஆய்வுலகம் நம்பி வந்தது. கொழுந்து தராசில் ஏறுகிறது. பெய்த மழை மில்லிமீட்டரில் பதிவாகிறது. சலித்த தூளுக்கு பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தரம் பிரித்து எழுத்துச் சூட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்தவளின் பாடி (பிரா) அளவோ, கலியாணம் முதல் பென்சன் வரை ஊகத்திலேயே நிற்கிறது.

தரவு திரட்டுவது எளிதாக இல்லை. லயத்துக் கொடியில் பாடி தனித்துக் காய்வதில்லை. பாவாடைக்கு அடியில் ஒளிந்துதான் காயும். எனவே கள ஆய்வு ஹட்டன் கடைத்தெருவுக்கு மாற்றப்பட்டது. பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வந்ததும், கடையில் ஆண்கள் விலகும் நேரம் பார்த்து, "மொதலாளி, முப்பத்தாறு ஒன்னு" என்று தணிந்த குரல் எழும். "பத்தலைன்னா மாத்திக்கலாம்மா" என்றபடி அவர் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். மாற்ற வந்தவர் எவரையும் இவ்வாய்வு காணவில்லை.

மலையகத்தில் நிலவும் கோட்பாடு இது: வயது ஏறினால் எண்ணும் ஏறும். இது பிழை. எண் என்பது மார்புக்குக் கீழே ஓடும் பட்டியின் சுற்றளவு. கப்பின் அளவைச் சொல்வது எண்ணுக்குப் பக்கத்திலுள்ள எழுத்து. இந்த எழுத்து அமெரிக்காவில் 1930களில் வந்த ஏற்பாடு. 32 சி, 34 பி, 36 ஏ மூன்றிலும் கப் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கப் இறுக்கமாக இருக்கிறதென்று எண்ணை மட்டும் ஏற்றினால் பட்டிதான் தளரும். பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவதும் அந்தப் பட்டிதான். அது முதுகில் மேலேறினால் ஸ்ட்ராப்பை இழுத்து முடிவார்கள்; தோளில் பள்ளம் விழும். ஏற்கெனவே தலையில் கூடைக் கயிறு!

வயது செய்வது வேறு வேலை. மார்பைத் தாங்கும் இழைநார்களை லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் விவரித்தார். அவை காலப்போக்கில் நீளும். மாதவிடாய் நின்றபின் சுரப்பித் திசு சுருங்கி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கும். கப் பெருக்கவும் கூடும், சிறுக்கவும் கூடும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இத்துடன் அடுப்பையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் எதுவும் காயாது. அடுப்புக்கு மேல் போட்ட பாடி காய்கிறது. அதன் இலாஸ்டிக் செத்துப் போகிறது.

இலங்கை உலகச் சந்தைக்குப் பிரா தைத்து அனுப்பும் நாடு. மலையகத்து மகள் கட்டுநாயக்க கார்மென்ட்ஸில் நாள் முழுக்கக் கப் தைப்பாள். தீபாவளிக்கு வரும்போது அம்மாவுக்குச் சேலைதான் கொண்டுவருவாள்.

பரிந்துரை சுருக்கமானது. டெய்லரின் டேப்பைக் கேட்டு வாங்கி, மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பின் எடுப்பான இடத்தில் ஒரு சுற்று அளந்துகொள்ளுங்கள். புதிய பாடியை மிகத் தளர்வான கொக்கியில் மாட்டி, கொழுந்து பறிப்பதுபோல் கைகளை நீட்டிப் பாருங்கள். பட்டி மேலேறினால் அது உங்கள் அளவு அல்ல. அளக்கும்போது மார்பில் கட்டியோ, தோலில் குழிவோ கையில் தட்டுப்பட்டால் கடைக்குப் போகாதீர்கள். அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே மார்பைப் பரிசோதிக்கிறார்கள், இலவசமாக.