பழைய சட்டத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

1901-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தது. தலைநகர் கான்பெரா அப்போது கிடையாது, நாடாளுமன்றம் மெல்பர்னில் கூடியது. புது நாட்டின் எண் 1 சட்டம் சமத்துவம் பேசவில்லை, கஜானாவிலிருந்து பணம் எடுக்க அனுமதி கேட்டது. தாலி கட்டிய கையோடு மொய்ப் பையைப் பிரித்த மாப்பிள்ளை மாதிரி.

அரசியல் சாசனத்தின் 83-ஆம் பிரிவு அப்படி. சட்டம் இல்லாமல் சல்லிக்காசு எடுக்க முடியாது. ஆகவே வருஷா வருஷம் ஒதுக்கீட்டுச் சட்டம்.

1975-இல் செனட் அந்த மசோதாவையே முடக்கிப் போட்டது. நவம்பர் 11 மதியம் கவர்னர் ஜெனரல் ஜான் கெர், பிரதமர் விட்லமை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எதிர்க்கட்சித் தலைவர் பிரேசரை நாற்காலியில் உட்கார வைத்தார். விட்லம் சாப்பிடப் போய்விட்டார். செனட்டில் இருந்த தம் கட்சித் தலைவருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அவர் கட்சி செனட்டர்களும் ‘எதிரி இறங்கி வந்துவிட்டான்’ என்ற பூரிப்பில் மசோதாவை நிறைவேற்றினார்கள். பணம் பிரேசருக்குப் போனது.

1999-க்குப் பிறகு புதுக் கூத்து. வருஷம் முடிந்தும், செலவழிக்காத அனுமதி பல இனங்களில் காலாவதி ஆகவில்லை. ரத்து செய்யும்வரை சட்டம் ஏட்டில் உட்கார்ந்திருந்தது. 2013-இல்தான் கணக்கெடுத்து ஒரு மூட்டையை ரத்து செய்தார்கள்.

அங்கேதான் மனித உரிமை நுழைகிறது. தேசிய அளவில் உரிமைச் சாசனமே இல்லாத நாடு அது. ஆனால் 2011-இல் போட்ட சட்டப்படி, ஒவ்வொரு மசோதாவும் 7 சர்வதேச ஒப்பந்தங்களுக்கு ஒத்துப்போகிறதா என்று அறிக்கை இணைக்க வேண்டும். பழைய பட்ஜெட் பாக்கியை ரத்து செய்தால் யாருக்காவது சித்திரவதை உண்டா? இல்லை. குழந்தைகளுக்குத் தீங்கு? இல்லை. சான்றிதழ் தயார்!

அதே 2013 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு ஒரு முடிவை வெளியிட்டது. உளவுத்துறையின் பாதகமான அறிக்கையைக் காட்டி, ஆஸ்திரேலியா அகதிகளை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தது உரிமை மீறல் என்றது. அவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள்.

தடுப்பு முகாமுக்கும் கஜானாப் பணம்தானே போக வேண்டும்? அதைக் கொடுக்கிற ஒதுக்கீட்டு மசோதாவோடும் உரிமை அறிக்கை உண்டு: இது பணம் எடுக்க அனுமதி மட்டுமே, யாருடைய உரிமையையும் தொடவில்லை. செலவு உரிமையைத் தொடும் என்று நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் குழுவே எழுதிப் பார்த்தது. அடுத்த வருஷ மசோதாவிலும் அதே வாசகம்.