காபன் கணக்கப்பிள்ளை

ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்த ஐயாவைப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. கழுத்தில் மப்ளர், கையில் கறுப்புக் குடை, சட்டைப் பையில், தோட்டத்தில் பேர், சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோல் மாதிரிக் கோடு போட்ட ஒரு கொப்பி. வேலையில் இருந்த காலத்தில் கொழுந்து நிறுத்தார். இப்போது புகையை நிறுக்கிறார்.

எல்லாம் டவுனில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்த பிறகுதான். சோற்றுப் பார்சல் கொடுப்பார்கள் என்று போனவர், காபனீரொட்சைட்டையும் கூடவே வாங்கிக்கொண்டு திரும்பினார். அதுவரை ஓட்டோ பிடிக்காமல் நடராஜா சேர்விஸில் போகும் அவரை ஊர் ‘கஞ்சன்’ என்றது. இப்போது அதே நடைக்குப் பெயர் பூமியைக் காப்பாற்றுவது. கையிலிருந்து ஒரு ரூபாய் கழலாமல் கஞ்சத்தனத்திலிருந்து கொள்கைக்கு உயர்ந்த மனிதர் அவர்.

தார்ப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஐயா அதில் கால் வைப்பதில்லை. தேயிலைக்குள் இறங்கும் குறுக்குதான் அவருடைய பாதை. மழைக்காலத்தில் அட்டை காலைச் சுற்றிக்கொள்ளும். சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு, “பெற்றோல் குடிக்கிறதுக்கு இது ரத்தம் குடிச்சா பரவாயில்லை” என்பார்.

ஆனால் மேலே ஏறும்போது மட்டும் கொள்கைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் குடை தானாக உயரும்.

“ஐயா, நீங்க பைக்ல ஏறலாமா?”

“நீ எப்படியும் மேலே போறவன்தானே தம்பி? புகை உன் கணக்கு. நான் சும்மா உட்கார்ந்து வர்றேன்.”

“ஆளு கூடினா பெற்றோலும் கூடுமுங்க.”

“அதுக்குத்தானே கோயில் வளைவுலேயே இறங்கிடுறேன்!”

அவருடைய வீடும் கோயில் வளைவில்தான் இருக்கிறது.

2022 அவருடைய பொற்காலம். நாட்டில் பெற்றோல் இல்லை. ஷெட் வாசலில் ராப்பகலாக வரிசை. ஓகஸ்ட் மாதம் கியூஆர் அட்டை முறை நாடு முழுக்க வந்தபோது, வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். ஊரே போனைத் தூக்கிக்கொண்டு அலைய, ஐயா இரண்டு காலையும் காட்டி, “நமக்குக் கோட்டாவும் இல்லை, கியூவும் இல்லை” என்று எல்லா வரிசையிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு அடி வாங்காமல் திரும்பியது வயதுக்குக் கிடைத்த மரியாதை.

வரிசையில் நின்றவர்களுக்கு இலவச வகுப்பும் நடத்தினார். “ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியே வரும். தெரியுமா?”

வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்துக் கூடையோடு நின்ற கிழவி கேட்டாள்: “ஒரு லீற்றர் பெற்றோல் எம்புட்டு நிறை இருக்குமுங்க?”

“முக்கால் கிலோ.”

“எங்க கூடையில பதினெட்டு கிலோ இருந்தா, தண்ணி, சாக்குன்னு கழிச்சுப் பதினாறுன்னு எழுதுவீங்க. முக்கால் கிலோ பெற்றோலை மட்டும் ரெண்டே கால்னு எழுதுறீங்களே!”

வரிசை முழுக்கச் சிரித்தது. ஐயா விடவில்லை. பெற்றோலில் இருக்கிற காபன், எரியும்போது காற்றிலிருக்கிற ஒட்சிசனையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. பாதிக்கு மேற்பட்ட நிறை அப்படி வந்ததுதான் என்று விளக்கினார். விளக்கம் சரியானது. ஆனால் அவர் தராசிலிருந்து வந்த எந்தக் கணக்கையும் அந்தக் கிழவி நம்புவதாக இல்லை.

கொழும்புக்குப் போவதென்றால் ஹட்டனில் ரயில், மூன்றாம் வகுப்பு. “ரயிலும் டீசல்தானே ஐயா?” என்று கேட்டுவிட்டால் போதும், கொப்பி வெளியே வந்துவிடும். “ஒரு இன்ஜின், பின்னால ஊரே உட்கார்ந்திருக்கு. புகையைப் பங்கு வைச்சுப் பாரு, ஆளுக்குக் கொஞ்சம்தான். நான் நின்னுக்கிட்டே போறவன், எனக்கு இன்னும் குறைவு!” நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரைக்கும் முன்பு ஓடிய குட்டி ரயிலை நிறுத்தியவர்கள்மேல் அவருக்கு இன்னும் கோபம். நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி வேன் பிடிப்பதைப் பார்த்தால், தன் காசு போவதைப் போலவே பதறுவார்.

ஒருநாள் நடுச்சாமத்தில் மனைவிக்கு இழுப்பு வந்தது. ஐயா லயத்துக்கு ஓடி ஓட்டோக்காரத் தம்பியைத் தட்டி எழுப்பினார். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், “இன்னும் வேகமா விடுப்பா” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கொப்பியில் அந்த நாளுக்குத் தேதி மட்டும் இருக்கிறது. மனைவி தேறி வந்தபிறகு ஹையர் காசில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னாராம். அப்போதுதான் ஊருக்கும் நிம்மதி வந்தது.

போன திருவிழாவில் கோயில் வாசலில் பெண்களைப் பிடித்துக்கொண்டார். “எல்லாரும் புகையைக் குறைக்கணும்.”

கிழவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “மலைக்கும் நடை, பிள்ளை மடுவத்துக்கும் நடை, டிஸ்பென்சரிக்கும் நடை. எங்ககிட்ட குறைக்க என்னங்க இருக்கு?”

ஐயா முதல் தடவையாக யோசித்தார். கொப்பியைப் புரட்டினார். “நீ சொல்றது சரிதான். புகையைக் குறைச்சவங்களுக்கு வரவு எழுதி, வெளிநாட்டுல அதைக் காசுக்கே விக்கிறாங்க. அந்தக் கணக்குல பார்த்தா, உங்க பேருல ஏகப்பட்ட வரவு நிக்குது.”

“அப்படிங்களா? அதை மட்டும் செக்ரோல்ல ஏத்திடாதீங்க ஐயா, பத்தாந்தேதி வரைக்கும் இழுத்துருவீங்க. கைக்காசாவே குடுத்துடுங்க!”