கோடு போட்டவர்கள்

பெரு நாட்டு நாஸ்கா பாலைவனக் கோடுகளை வேற்றுக்கிரகவாசிகள்தானே போட்டார்கள்?

விண்கலத்தில் வந்தவர்களுக்கு மரக்குச்சி எதற்கு? சில கோடுகளின் முனையில் நட்ட குச்சிகள் கிடைத்திருக்கின்றன. மேலே கிடக்கும் கருத்த கற்களைப் பொறுக்கி ஓரம் வைத்தால் அடியில் வெளிர் மண், கோடு தயார். போட்டவர்கள் அந்த ஊர் உழவர்கள், குயவர்கள், நெசவாளர்கள்.

நெசவாளர்களா? பாலைவனத்தில் என்ன நெய்தார்கள்?

நியூயார்க்கின் புரூக்ளின் மியூசியத்துக்குப் போனால் அசந்துபோவீர்கள். அங்கே அவர்களுடைய சுமார் 1,800 ஆண்டுப் பழைய சால்வை ஒன்று, ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கரையில் மட்டும் 90 உருவங்கள், அத்தனையும் ஊசியால் பின்னியவை! இந்தப் பொறுமைக்காரர்கள் தரையில் கோடுகளாலேயே குரங்கு உருவம் வரைந்ததில் என்ன ஆச்சரியம்?

இத்தனை காலம் கோடுகள் எப்படி அழியவில்லை?

மழை மிக அபூர்வம். மனிதர்கள்தான் அபாயம். 'கோடு போட்டால் ரோடு போடுவான்' என்போமே, அங்கே அது நிஜமாகிவிட்டது: பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை ஒரு பல்லி உருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடுகிறது.

ஜெர்மனியில் பிறந்த கணித ஆசிரியை மரியா ரைஹே, துடைப்பமும் கையுமாக அந்தக் கோடுகளைக் காப்பதிலேயே தன் வாழ்நாளைக் கழித்தார். 1994-ல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.